அவள் திருத்திய இடங்கள்

என் மனைவியின் லேப்டாப்பில் அவள் குரலைக் கேட்க வேண்டுமென்றால் ஒரு தடவை அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவள் போன முதல் வருஷம் ஒரு கொட்டாவி விடுகிற நேரம் ஆனது. அடுத்த வருஷம் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வருகிற நேரம். மூன்றாவது வருஷம் குளித்து, துணி அலசிக் கொடியில் போட்டுவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதற்காக நான் எரிச்சல்பட்டதில்லை. தினமும் அதனிடம் நான் பேசியது கொஞ்சநஞ்சம் இல்லை. அத்தனையையும் கேட்டு முடித்த பிறகுதானே அவள் வாயைத் திறக்க முடியும்? கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் நேரமாகிறது என்று வைத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் முதுகில் மூட்டை ஏற்றவே பயப்படுவார்கள்.

நான் தானியக் குடோனில் சுமை தூக்குகிறவன். முப்பத்தொரு வருஷமாக அதே வேலை, அதே குடோன். விடிகிற நேரத்தில் போனால் மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். எழுத்துப் படிக்க ஆரம்பித்தது நாற்பத்தெட்டு வயதில். அதுவரை மூட்டைமேல் அச்சடித்திருப்பதெல்லாம் எனக்கு வெறும் கறுப்பு மை.

சொல்லிக்கொடுத்தது மனைவிதான். அவளுக்கு ஓர் அலுவலகத்தில் வேலை. அடுத்தவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, அதை எழுத்தாக அடித்துத் தர வேண்டும். டாக்டர் முணுமுணுப்பதையும் வக்கீல் இழுத்து இழுத்துப் பேசுவதையும் ஒரு சொல் விடாமல் அடித்துவிடுவாள். மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவாள். அதற்குத்தான் இந்த லேப்டாப்.

முதலில் எதிரே உட்காரவைத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். அது நடக்கவில்லை. எண்பது கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு லாரிப் பலகைமேல் ஏறுகிற ஆள் நான், அவள் முன்னால் ஒரு வரி வாசிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். ஒருநாள் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். அவள் எழுந்து போய் அதை எடுத்து, தூசி தட்டி, லேப்டாப் பக்கத்தில் வைத்தாள்.

“என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். இதுகிட்ட வாசிங்க. சத்தம் கேட்டா இதுவே முழிச்சுப் பதிவு பண்ணும். நீங்க வாயை மூடிக் கொஞ்ச நேரம் ஆச்சுன்னா இதுவே நின்னுடும். சாயந்தரம் வந்து நான் கேட்டுக்கிறேன்.”

அப்படித்தான் எங்கள் பாடம் நடந்தது. மூன்று மணிக்கு வந்து, கை கால் கழுவி, பழைய செய்தித்தாளோ மருந்துச் சீட்டோ கைக்குக் கிடைத்ததை அதன் முன்னால் வாசிப்பேன். ஆறரைக்கு அவள் வருவாள். காதில் மாட்டிக்கொண்டு காய் நறுக்கியபடியே கேட்பாள். நான் வெளியே போய் நின்றுகொள்வேன். கேட்டு முடித்ததும் அவளும் பதிலை அதனிடமே சொல்வாள். மறுநாள் மூன்று மணிக்கு நானும் காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்பேன்.

“மூட்டை, ரெண்டாவது வரியை அப்படியே முழுங்கிட்டீங்க. அவ்வளவு பசியா?”

மூட்டை என்பது நான்தான். நான் அவளை வாத்தியாரம்மா என்பேன். அவள் பதில் ஒவ்வொன்றிலும் ஒரு கிண்டல் இருக்கும், ஒரு திருத்தம் இருக்கும், கடைசியில் “ம், பரவாயில்ல” இருக்கும். இரவுச் சாப்பாட்டில் தண்ணீர் வராததைப் பேசுவோம், பக்கத்து வீட்டைப் பேசுவோம். பாடத்தைப் பற்றி நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது ஒரு கூச்சம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேறு யாரிடம் இதைச் சொல்லிச் சிரிக்க?

இப்படி ஒன்றரை வருஷம். அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாளில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போய், முதல் நாள் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கை கால் கழுவினேன். லேப்டாப் அவள் விட்டுப்போன மேசையில் விளக்கு எரிந்தபடி இருந்தது. அதை நாங்கள் அணைப்பதே இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்து முடித்ததும், “சரி, இன்னிக்கு என்ன ஆச்சுன்னா” என்று அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். மறுநாளும் அப்படியே. அவள் பழைய பதில்கள் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. தினமும் ஒன்றை அமுக்கிவிட்டுக் காத்திருந்து கேட்டேன். முடிந்ததும் முதலிலிருந்து.

எங்கள் குழுவில் சொட்டை என்று ஒருவன். அவன் வீடும் என் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். ஒருநாள் லாரிக்குக் காத்திருக்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

“மச்சான் வீட்ல தினமும் சாயந்தரம் பள்ளிக்கூடம் நடக்குது, தெரியுமா? மாணவர் யாருன்னுதான் தெரியல. என் பொண்டாட்டி காதைச் சுவத்துலயே ஒட்டி வச்சிருக்கா.”

“செய்தித்தாள் வாசிக்கிறேன்டா.”

“வாசி, வாசி. எங்களுக்கும் ஒரு பேப்பர் மிச்சம். ஆனா விளையாட்டுப் பக்கத்துல இருந்து ஆரம்பி. மூணு நாளா மழை, வெள்ளம், மழை, வெள்ளம்னு உயிரை வாங்குற.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயந்தரம் விளையாட்டுப் பக்கத்தைத்தான் வாசித்தேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. அவள் பதிலை அமுக்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்குமேல் காத்திருந்தேன். வட்டம் நின்றது. குரல் வந்தது. “மூ” என்றாள். அப்புறம் “மூ… மூ… மூ…” என்று அதிலேயே நின்றுவிட்டாள். மேலே போக முடியாமல் அந்த ஒரு எழுத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூச்சுக்கு இழுத்த கடைசி நாளில் அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. லேப்டாப்பை அப்படியே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. நடத்துவது ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் பொட்டியைத்தான் முதலில் பார்ப்பாள்.

“துண்டுல சுத்திக் கொண்டு வந்திருக்கீங்களே, குளிரா அதுக்கு?”

“பேச்சு நின்னுபோச்சும்மா.”

அவள் ஏதேதோ தட்டினாள். ஒரு பட்டியல் வந்தது. இரண்டு தடவை பார்த்தாள்.

“அண்ணே, இதுல என்ன வேலை பண்றீங்க?”

“வேலையெல்லாம் இல்ல. இது முன்னால உட்கார்ந்து வாசிப்பேன். அவ்வளவுதான்.”

“வாசிக்கிற பொட்டி மாதிரி தெரியலையே. வருஷக்கணக்கா ஒருநாள் விடாம இதுல எழுதித் தள்ளியிருக்கு. டிஸ்க் தேஞ்சு கடைசிக்கு வந்திருச்சு. யாரு இவ்வளவு எழுதுறது?”

“நான் ஒரு எழுத்து எழுதலையே.”

“நீங்க எழுதலன்னா அப்போ யாரு?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது.

இறந்துபோன மனைவியின் குரல் இதில் இருப்பதைச் சொன்னேன். டாக்டரம்மாவே தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். மனைவி வைத்துவிட்டுப் போன பதிவுதான். சத்தம் கேட்டால் விழித்து எழுதுகிறது. நான் வாசித்தது, பேசியது, இருமியது, பாத்திரம் உருட்டியது எல்லாம் ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. தேதியும் நேரமும்தான்.

“பகல் பதினொரு மணிக்கு வீட்ல யாரு இருப்பா?” என்று கேட்டாள்.

“யாரும் இல்ல. பூட்டிட்டுத்தான் போவேன்.”

“பதினொரு மணிக்கு நிறைய இருக்கே.”

ஒன்றைத் திறந்தாள். பன்னிரண்டு விநாடி. ஒன்றுமே இல்லை. குளிர்ந்த மாதிரி ஓர் அமைதி. இன்னொன்று. அதிலும் அதேதான்.

“சத்தம் கேட்டாத்தானே முழிக்கும்? இதுல ஒண்ணுமே இல்லையேம்மா?”

“பொட்டி கிழமாயிடுச்சுண்ணே. சத்தம் கேட்டு, முழிச்சு, எழுந்து உட்கார்றதுக்குள்ள சத்தம் முடிஞ்சு போயிடுது. அதுக்கு அப்புறம் இருக்கிற அமைதியைத்தான் பிடிச்சு வச்சிருக்கு.”

“என்ன சத்தம்?”

“ஏதாவது இருக்கும். பக்கத்துல ஆணி அடிச்சிருப்பாங்க. பூனை வந்திருக்கும்.” சொல்லிவிட்டு மூன்றாவதைத் திறக்கப் போனவள், திறக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகு டிஸ்க்கைப் பற்றிச் சொன்னாள். உள்ளே சுற்றுகிற தட்டு எதுவும் கிடையாது. கோடிக்கணக்கில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொரு அறையிலும் துளி மின்சாரம். எழுத எழுத அறையின் சுவர் தேயும். தேய்ந்த அறையில் மின்சாரம் தங்காது, கசியும். ரொம்ப நாள் தொடாமல் கிடக்கிற பழசைப் படிக்க அது திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கும். அதோடு இடமும் நிறைந்துவிட்டால் நகரவே முடியாது.

எனக்குப் புரிந்தது. குடோன் கூரைவரைக்கும் நிறைந்திருந்தால் ஒரு மூட்டையை எடுக்க நாலு மூட்டையை நகர்த்த வேண்டும். நகர்த்தி வைக்கவும் இடம் இருக்காது. அடியில் கிடக்கிற மூட்டை ஈரம் ஏறிக் கட்டிதட்டிப் போகும்.

“அப்போ அவ கேட்டுக்கிட்டு இருந்ததால நேரமாகல” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“நீங்க பேசப் பேச அது எழுதுது. எழுத எழுதத் தேயுது. அண்ணியோட குரலும் அதே சுவத்துக்குள்ளதான் இருக்கு. புரியுதா?”

புரிந்தது. மூன்றரை வருஷமாக அவளோடு பேசுகிறேன் என்று நினைத்து, என் வாயாலேயே அவளை அரித்துத் தின்றிருக்கிறேன்.

“காப்பாத்த முடியுமா?”

“முடியும். ரெண்டு நாள் வச்சுட்டுப் போங்க. இது போற வேகத்துக்கு நகல் எடுக்க அவ்வளவு நேரமாகும்.”

“வச்சுட்டெல்லாம் போக முடியாதும்மா.”

“ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு, படுக்க மாட்டேன்னா எப்படிண்ணே?”

“ஆஸ்பத்திரியில ஒரு மணி நேரம் விட்டுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா கட்டில் காலி.”

அவள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“சரி. அப்போ ஒண்ணு பண்ணுங்க. வீட்லயே கொஞ்சம் கொஞ்சமா இடத்தைக் காலி பண்ணுங்க. உங்க குரலை அழிங்க. அவங்க குரலைத் தொடாதீங்க. கால்வாசி காலியானா வேகம் கொஞ்சம் திரும்பும். ஞாயித்துக்கிழமை காலையில கொண்டு வாங்க. பக்கத்துலயே உட்காருங்க. உங்க கண்ணு முன்னாலயே எடுத்துத் தர்றேன்.” எப்படி அழிப்பதென்றும் செய்து காட்டினாள். முதல் ஃபைலை அமுக்கு, இந்தப் பித்தானைப் பிடித்துக்கொள், கடைசி ஃபைலை அமுக்கு, நடுவில் இருப்பதெல்லாம் பிடிபடும். “இந்தப் பதிவை நிறுத்திடட்டுமா?”

“அது அவ வச்சது. அப்படியே இருக்கட்டும். நான் வாயை மூடிக்கிறேன்.”

நான்கு நாள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. பாத்திரத்துக்கு அடியில் துணி போட்டு வைத்தேன். இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமினேன். சொட்டை சுவரைத் தட்டி, “மச்சான், உயிரோடதான் இருக்கியா? இன்னிக்கு மேட்ச் என்ன ஆச்சு?” என்று கத்தினான். பதில் சொன்னால் எழுதிவிடும். இரண்டு தடவை சுவரைத் தட்டினேன். பயந்துபோய் நேரிலேயே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை குடோனில் பழைய சரக்கை வெளியேற்றுகிற நாள். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. முன்னால் வந்த மூட்டை முன்னால் போக வேண்டும். புதுசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், பழசு உள்ளே சுவரோரம் இருக்கும். சோம்பேறித்தனப்பட்டுப் புதுசை எடுத்தால் மேஸ்திரி மூட்டை இழுக்கிற கொக்கியாலேயே முதுகில் தட்டுவார். “பழசைத் தொடு! பழசைத் தொடு!” என்று அன்று முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தார். உள்ளே போய்ப் மூட்டை அடுக்கிய பழைய அட்டியின் தலையில் கை வைத்து, வரிசை வரிசையாகப் பிரித்து, ஐந்து லாரி ஏற்றினோம். தோல் உரிந்துபோன கையோடு மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். டாக்டரம்மா சொன்னபடி தேதி வரிசையில் அடுக்கினேன். ஃபைல்கள் திரையில் அட்டி போட்ட மாதிரி வரிசையாக நின்றன. தலைக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. மனைவி இருந்த காலத்தில் என் குரலும் அவள் குரலும் கலந்து கிடக்கும், அதைத் தொடக்கூடாது. அவள் போன பிறகு வந்ததெல்லாம் நான் மட்டும்தான், அதைத்தான் எடுக்க வேண்டும். அதாவது புதுசை. தலைக்குத் தெரியும். கைக்கு முப்பத்தொரு வருஷமாக வேறொன்று தெரியும். பழசு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். போய் அதன் தலையில் கை வைத்தேன். பித்தானைப் பிடித்துக்கொண்டேன். கால்வாசிக்குமேல் கணக்கு வைத்து, அங்கே நின்ற ஃபைலை அமுக்கி, அழிக்கச் சொன்னேன்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. அவள்தான் எனக்காக அந்தப் பொட்டியைத் தமிழில் பேச வைத்திருந்தாள். நான்கு நாள் பொத்திவைத்த வாய் என்பதையே மறந்து சத்தமாக வாசித்தேன்.

“தேர்ந்தெடுக்கப்பட்ட உருப்படிகள் அனைத்தையும் நிரந்தரமாக நீக்க விரும்புகிறீர்களா?”

எங்கேயும் தடுக்கவில்லை. ஒரு எழுத்தை முழுங்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட என்கிற அவ்வளவு நீளச் சொல் ஒரே மூச்சில் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பாராட்டுக்காகக் கொஞ்சம் காத்திருந்த மாதிரிகூட ஞாபகம். பிறகு ‘ஆம்’ என்பதை அமுக்கினேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. சும்மா ஒரு ஃபைலைத் தொட்டேன். தொட்டதும் திறந்தது. சுமை இறக்கின லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி அப்படி ஒரு வேகம். காத்திருப்பே இல்லை. அப்பாடா என்றிருந்தது. அவள் குரலைக் கேட்கலாம் என்று வரிசையின் தொடக்கத்துக்குப் போய் முதல் ஃபைலை அமுக்கினேன்.

“சரி, இன்னிக்கு என்ன ஆச்சுன்னா, மேஸ்திரிக்குப் பேரன் பிறந்திருக்கான்” என்றது என் குரல்.

அது அவள் போய் ஏழு மாசம் கழித்து நடந்தது.

அடுத்ததை அமுக்கினேன். நான். அடுத்தது. நான். அதற்கடுத்தது இருமல், என் இருமல். இருட்டுகிற வரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். எல்லாம் உடனே உடனே திறந்தன. எல்லாவற்றிலும் நான்தான் இருந்தேன்.

ஞாயிறு காலை டாக்டரம்மா கடை திறக்கும்போது வாசலில் நின்றேன். சொன்னேன். அவள் எதுவும் கேட்காமல் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பொட்டியில் மாட்டினாள். இரண்டு பேரை அப்புறம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். மூன்று மணி நேரம் தோண்டிப் பார்த்தாள்.

“தட்டு சுத்துற பழைய டிஸ்க்கா இருந்தா அழிச்சதும் அங்கேயே கிடக்கும், தோண்டி எடுக்கலாம். இது அப்படி இல்லண்ணே. அழின்னு சொன்னா அடுத்த எழுத்துக்கு இடம் வேணும்னு தரையை உடனே கழுவி விட்டுடும். சுத்தமா இருக்கு.” அப்புறம் தாங்க முடியாமல் கேட்டாள்: “எதுக்குண்ணே பழசுல இருந்து ஆரம்பிச்சீங்க?”

“முன்னால வந்தது முன்னால போகணும்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. என் கையைப் பார்த்தாள். கொக்கி பிடிக்கிற இடத்தில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

மிச்சம் இருப்பதையாவது புது டிஸ்க்கில் ஏற்றித் தருகிறேன் என்றாள். எனக்கு வேண்டாம் என்றிருந்தது. என் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆனாலும் எழுந்து போகக் கால் வரவில்லை. அவள் ஏற்றினாள். சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கங்கே ஒன்றைத் திறந்து கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அண்ணே.”

“ம்.”

“இதுல யாருக்கு பதில் சொல்றீங்க?”

திரும்பினேன். அவள் திரும்பப் போட்டுக் காட்டினாள். நான் ஏதோ பேருந்து அறிவிப்பை வாசிக்கிறேன். ஓரிடத்தில் நின்றுவிடுகிறேன். ஐந்தாறு விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் என் குரல், “சரி, சரி” என்கிறது. அதே வரியை மறுபடி வாசிக்கிறேன். முதலில் ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். இரண்டாவது தடவை சரியாக வருகிறது.

“நீங்களே கண்டுபிடிச்சுத் திருத்திக்கிட்டீங்களா?”

“எனக்கு ஞாபகமே இல்லம்மா.”

இன்னொன்றைப் போட்டாள். வாசிப்பு. நிற்கிறது. அமைதி. “அட, ஆமா. சரி.” மறுபடி வாசிப்பு. இன்னொன்றில் அமைதிக்குப் பிறகு நான் சிரிக்கிறேன். யாரோ கிண்டல் பண்ணினால் வருகிற சிரிப்பு, பதில் சொல்லத் தெரியாமல் சிரிப்பது. “போதும், போதும், திரும்ப வாசிக்கிறேன்” என்கிறேன். அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைக்கு வெளியே ஒரு வண்டி நின்று, ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

அந்த அமைதியின் நீளம் எனக்குத் தெரியும். ஒரு கிண்டல், ஒரு திருத்தம். அவ்வளவு நேரம்தான் பிடிக்கும்.

“இந்தச் சத்தம் இல்லாத இடத்தையெல்லாம் வெட்டிட்டுத் தர்றதுதான் வழக்கம்” என்றாள் மெதுவாக. “பாதியா சுருங்கும்.”

“வெட்டாதம்மா. ஒரு விநாடிகூட வெட்டாத.”

“வெட்டலண்ணே.”

அவள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனாள். என்னைத் தேற்றுவதற்காகத்தான் இருக்க வேண்டும், ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். “இங்க பாருங்க. முதல் வருஷம் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு தடவை நிக்கிறீங்க. அடுத்த வருஷம் மூணு, நாலு. இந்தக் கடைசி ஆறு மாசத்துல நான் கேட்ட வரைக்கும் ரெண்டே ரெண்டு. எவ்வளவு நல்லா வாசிக்கிறீங்க! இனிமே யாரும் உங்களைத் திருத்த வேண்டிய அவசியமே இல்ல.”

தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். கோடுகள் வரவரக் குறைந்துகொண்டே போய், அடியில் வெள்ளையாக இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று அந்தக் கேள்வியை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தேனே, அப்போது யாரும் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு என்ன இருந்தது? சரியாகத்தானே வாசித்தேன்.

“டாக்டரம்மா, உங்ககிட்ட வாசிக்க ஏதாவது இருக்கா?”

“என்ன மாதிரி?”

“கஷ்டமானதா. பெரிய பெரிய சொல்லா இருக்கணும். படிச்சவங்களே தடுமாறணும்.”

அவள் மேசைக்கு அடியில் குனிந்து, ஒரு பக்கம் உயரம் குறைந்த திரைக்கு முட்டுக்கொடுத்திருந்த தடிப் புத்தகம் ஒன்றை உருவினாள். திரை சாய்ந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா பழைய பொட்டியோடு விட்டுப்போனதாம், சொத்துச் சட்ட விளக்கம். தூசியைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்துக் கொடுத்தாள்.

“இதுல ஒரு வார்த்தையே ஒரு வரிக்கு ஓடும். நானே ரெண்டு பக்கம் தாண்டல.”

“புது டிஸ்க் தாங்குமா? நான் தினமும் வாசிப்பேன்.”

“உங்க ஆயுசுக்கும் தாங்கும்ணே. தாராளமா வாசிங்க.”

திங்கட்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கை கால் கழுவினேன். லேப்டாப் இப்போது தொடுவதற்குள் திறந்துவிடுகிறது. கையை எடுக்கக்கூட நேரம் இல்லை. பதிவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. புத்தகத்தின் நடுவில் எங்கேயோ பிரித்தேன். அச்சு பொடியாக, கசங்காமல் புதுசாக இருந்தது.

“மேற்படி அசையா உடைமையின்பாற்பட்ட அனுபோகப் பாத்தியதைகளைப் பொறுத்தமட்டில், முன்னுரிமையுடையோர் எவரேனும்…”

எங்கேயோ ஒன்றை விட்டுவிட்டேன். எது என்று தெரியவில்லை. தேடவும் இல்லை. நிறுத்திவிட்டு, விரலை வரிமேல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சொட்டை வீட்டில் யாரோ குழாயை மூடினார்கள். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. ஐந்து விநாடி. ஆறு.

“சரி” என்று ஒரு குரல் கேட்டது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வரியின் தொடக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனேன்.